கண்ணுக்கு எட்டிய கரியும் எட்டாத கானகமும்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்குகிறவர்களுக்கு, மணலும் களிமண்ணும் மணற்பாறையுமாகப் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட பெரும்பள்ளத்தின் அடியில், கரும்பழுப்பாகப் பரந்து கிடக்கும் லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரிப் படுகை ஒன்றே பிரத்தியக்ஷமாகத் தெரியும். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு மேலே வந்த கரும்பொருளும், 1957 மே 20 அன்று பண்டித நேரு தொடங்கிவைத்த சுரங்கப் பணியின் பயனாக 1961-ல் வெளிப்பட்ட கரிப்படுகையும் வெறுங்கண்ணால் கண்டறியப்பட்டவையே. ஆயினும், அந்தக் கரி எத்தகைய வனத்திலிருந்து உண்டாயிற்று, அந்த வனத்தின்மேல் எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டால், அதற்கு விடை சொல்லும் சாட்சிகள் நம் கண்ணின் எல்லைக்கு அப்பால் இருக்கின்றன.

அந்த எல்லை எங்கே இருக்கிறது? நல்ல பார்வையுள்ள ஒருவர் ஒரு பொருளை முகத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, தக்க வெளிச்சத்தில் உற்று நோக்கினால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துக் காண முடியும். அதைவிட நெருங்கினால் அவை ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் பிரித்தறிவது வேறு, இருக்கிறது என்று கண்டுகொள்வது வேறு. இருட்டறைக்குள் சாளரத்தின் வழியே வெயில் பாயும்போது அதில் மிதக்கும் தூசுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவை சிதறடிக்கும் ஒளிதான் நமக்குப் புலனாகிறதே தவிர, அவற்றின் வடிவம் புலனாவதில்லை. வீட்டினுள் நுழைகிற கதிரில் தெரியும் அந்த அணுக்களையே மாணிக்கவாசகப் பெருமான் எண்ணிறந்த அண்டங்களுக்கு உவமையாக எடுத்துக்கொண்டார் என்பது, அந்தக் காட்சி நம்மவர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

லிக்னைட் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால், வெறுங்கண்ணுக்கே அது மரமாக இருந்த சுவடு தெரிவதுண்டு. சில துண்டுகள் நார்நாராகப் பிளக்கும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தால், நன்றாக நிலைத்த துண்டுகளில், ஒரு காலத்தில் நீரை மேலே ஏற்றிச் சென்ற குழாய்களின் வரிசையும் புலப்படலாம். 1665-ல் லண்டனில் ராபர்ட் ஹூக் தமது நுண்ணோக்கியின் கீழ் வைத்த பொருள்களுள் மரக்கரியும் கல்லாய்ச் சமைந்த மரமும் இருந்தன. கல்லிலும் மரத்தின் துளைகள் அப்படியே இருப்பதைக் கண்டு, அது மரமாக வாழ்ந்ததே என்று அவர் தெளிந்தார். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் பெரிய பெரிய கல்மரங்களைக் காணும் நம்மவர்க்கு இந்தத் தெளிவு மிகவும் அருகில் கிடக்கிறது.

இனி வருவதுதான் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி. கரியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துப் பின்னர் காரத்தால் கழுவினால், கரியின் பெரும்பகுதி கரைந்தோடிவிட, மகரந்தத் தூள்களின் மேலுறை அவற்றுக்கு அழியாமல் எஞ்சி நிற்கிறது. இத்தூள்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பருமனே உடையவை. ஆகையால் வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை, நுண்ணோக்கிக்கோ ஒவ்வொன்றும் தன் குலத்துக்குரிய வரியும் துளையும் முள்ளும் பூண்டு நிற்கிறது. சி. ஜி. கே. ராமானுஜம் என்னும் தாவர சாஸ்திரி நெய்வேலி அடங்கிய தென்னார்க்காட்டு லிக்னைட்டை இவ்வாறு ஆராய்ந்து 1966-ல் வெளியிட்டார். பனைக் குலத்து மகரந்தங்கள் அந்தக் கரியில் கிடைத்துள்ளன. அதற்கு முன்பே, 1963-ல், அதே கரியிலிருந்து, இலைகளின்மேல் ஒட்டி வாழும் ஒருவகைப் பூஞ்சையின் கேடயம் போன்ற நுண்ணிய உறுப்புகளையும் அவர் விவரித்திருந்தார். அத்தகைய பூஞ்சைகள் வெப்பமும் மிகுந்த ஈரமும் உள்ள கானகத்திலேயே செழிப்பவை. இன்று முந்திரித் தோப்புகளும் செம்மண்ணுமாக வெயிலில் காயும் இந்தப் பிரதேசம் ஒரு காலத்தில் ஈரம் சொட்டும் வனமாக இருந்ததென்பதைப் பிரம்மாண்டமான அடிமரங்களைக் காட்டிலும், கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூஞ்சையே துல்லியமாகச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

அந்தக் கரி அனல்மின் நிலையக் கொதிகலனில் எரிந்தபின் எஞ்சும் சாம்பலிலும் இதே எல்லைக்கோடு குறுக்கிடுகிறது. திண்ணையில் விரலால் தடவிப் பார்க்கும்போது தெரிகிற சாம்பல்பொடி, பெரிய துகள்களின் திரள். அதில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையுமே தடுத்துவிடும். நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை 2.5 மைக்ரானுக்கு, அதாவது தலைமயிரின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குக்கு, உட்பட்ட துகள்கள். அவற்றுள் ஒன்றன் வடிவத்தை எந்த வெறுங்கண்ணும் கண்டதில்லை. 2009-ல் வகுக்கப்பட்ட இந்தியத் தரவிதி, ஒரு கனமீட்டர் காற்றில் இவை நாளொன்றின் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று எடையால் வரம்பு கட்டிற்று. வாசல் துடைத்தாற்போல் இருக்கிறது என்பதைக் கொண்டு காற்று சுத்தமென்றோ, திண்ணையில் தூசு படிந்திருக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் அது கெட்டதென்றோ முடிவு செய்துவிடலாகாது. நெய்வேலி நகரியத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வாழ்வோர், காற்றை அளக்கும் கருவிகள் காட்டும் அளவுகளைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்; அவற்றைத் தமிழில், எல்லோருக்கும் தெரியும்படி, நாள்தோறும் எழுதி வைக்க வேண்டுவது பொறுப்புடையோர் கடமை.