மாமர நிழலில் புல் வளருமா?

சென்ற ஆண்டு மே மாதம் ஒஹாயோவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன், பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்து நீட்டியது இரண்டு பவுண்டு புல் விதை. கென்டக்கி புளூகிராஸ். "அப்பா, கொல்லையில இதைத் தூவிவிடுங்க. எங்க வீட்டுல கம்பளம் மாதிரி இருக்கு" என்றான்.

ஜயநகரில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய மாமரம். அதன் அடியில் பேருக்குக் கொஞ்சம் புல். மீதி வெறும் செம்மண். மழை பெய்தால் சேறு முழுவதும் பேரப் பிள்ளைகளின் காலோடு கூடத்துக்கு வந்துவிடும். ஆசையோடு விதைத்தோம். மூன்று வாரம் கழித்து மயிரிழை போல் முளைத்தது. ஆகஸ்டுக்குள் இருந்த இடம் தெரியவில்லை. "மரத்தை வெட்டினால்தான் புல் வரும்" என்றார் தோட்ட வேலைக்கு வந்தவர். என் தாயார் 1978-இல் நட்ட மரம் அது. அன்று அவருக்கு என் மனைவி காபி கூடக் கொடுக்கவில்லை.

பிறகுதான் விசாரித்துப் படிக்கத் தொடங்கினேன். பெயரில் கென்டக்கி இருந்தாலும் இந்தப் புல்லின் பூர்வீகம் ஐரோப்பாவும் ஆசியாவின் குளிர்ப் பகுதிகளும். 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இதற்கு உகந்த வெப்பம். அதற்கு மேல் ஏற ஏற, ஒளியைக் கொண்டு தயாரித்த உணவில் ஒரு பகுதியைத் தானே வீணாக்கிவிடும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தாலும் ஏப்ரலில் 34 டிகிரியைத் தொடுகிறது. போதாக்குறைக்கு, குளிர்நாட்டிலேயே இது வெயில் கேட்கும் புல். அங்கும் மர நிழலுக்கு ஃபெஸ்க்யூ என்ற வேறு புல்லைத்தான் கலந்து விதைக்கிறார்கள். நம் அருகம்புல் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அதற்கும் நிழல் ஆகாது.

இன்னொன்றும் தெரியவந்தது. வெளிநாட்டு விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதே தவறு. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், நோயற்றது என்ற சான்றிதழும் வேண்டும். காரணமில்லாமல் இல்லை. பெங்களூரின் காலி மனைகளில் மண்டி, மூச்சுத்திணறலும் தோல் அரிப்பும் தரும் பார்த்தீனியம் வெளிநாட்டிலிருந்து வந்த களைதான். 1950-களில் புனே பக்கம் தென்பட்டது, இன்று நாடெங்கும் இருக்கிறது.

மரத்தை வெட்டாமலே வழி இருந்தது. லால்பாக் அருகே சித்தாபுரத்து நர்சரிகளில் 'பஃபலோ கிராஸ்' என்று அகல இலைப் புல் ஒன்று விற்கிறார்கள். பாதி நிழலில் நன்றாகப் படரும். (அமெரிக்கப் புத்தகங்களில் இதே பெயரில் வருவது வேறு புல்; அது வெயில் விரும்பி. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.)

முதலில் மாமரத்தின் தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்தோம். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் சல்லடையாக விழ ஆரம்பித்தது. இறுகிய மண்ணை, பெரிய வேர்களை வெட்டாமல், நான்கு அங்குலம் கொத்தி மக்கிய எருவும் சிறிது மணலும் கலந்தோம். இந்தப் புல்லுக்கு விதை வேண்டாம். வேருடன் கூடிய தண்டுத் துண்டுகளை அரை அடி இடைவெளியில் நட்டால் போதும். ஜூன் மழை தொடங்கும்போது நடுவதே நல்லது. நாங்கள் செப்டம்பரில் நட்டோம். மழை நின்ற நாட்களில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

பலரும் செய்யும் பிழை, ஒட்ட வெட்டிவிடுவது. நிழலில் உள்ள புல்லுக்கு இலைதான் பிழைப்பு. இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் விடுங்கள். உதிரும் மாவிலைகளை வாரம் ஒருமுறையாவது வாரிவிட வேண்டும். இல்லையென்றால் அடியில் புல் அழுகும். மரத்தூரைச் சுற்றி இரண்டடிக்கு எதுவும் பிடிக்காது. அங்கே அந்தச் சருகையே பரப்பி, இரண்டு கல்பலகை போட்டுவிட்டோம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச் வறட்சியில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அரிசி, காய்கறி கழுவிய நீரை ஒரு வாளியில் சேர்த்து வைத்து ஊற்றுகிறோம். கோடையில் புல் கொஞ்சம் பழுத்துத்தான் போகிறது. முதல் மழையில் திரும்பத் துளிர்த்துவிடுகிறது.