முறுக்கு அச்சுபோல் களிமண்ணுக்கும் அச்சு: நாமே செய்து கொள்ளலாம்

தீபாவளிக்கு முறுக்கு பிழியாத வீடு நம்மிடையே குறைவு. குழல் ஒன்றுதான். நட்சத்திரத் துளையுள்ள தகட்டைப் போட்டால் முள்ளுமுறுக்கு, பட்டைத் துளையைப் போட்டால் ரிப்பன் பக்கோடா. மண்பாண்டப் பட்டறையில் களிமண் பிழியும் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பொங்கல் பானையும் அகல் விளக்கும் செய்யும் நம் குயவர்களுக்குப் பண்டிகைக் காலம் வந்தால் வேலை குவியும். மற்ற மாதங்களில் கோப்பை, பூந்தொட்டி, தட்டு போன்றவை விற்றால்தான் பட்டறை ஓடும். நூறு கோப்பைக்கு நூறு கைப்பிடியை ஒரே அளவில் கையால் இழுப்பது எளிதல்ல. கருவி அதைச் சில நிமிடங்களில் பிழிந்து தரும். ஆனால் கடையில் வாங்கும் தகடு எல்லாருக்கும் ஒரே வடிவத்தைத்தான் கொடுக்கும். நமக்கென்று ஓர் அடையாளம் வேண்டுமென்றால் தகட்டை நாமே வெட்ட வேண்டும்.

6 மில்லிமீட்டர் கனமுள்ள அக்ரிலிக் அல்லது பிளாஸ்டிக் காய்கறிப் பலகை போதும். ஒட்டுப்பலகை என்றால் வார்னிஷ் பூச வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் ஊதிவிடும். வடிவத்தைத் தாளில் வரைந்து தகட்டில் ஒட்டுங்கள். நடுவில் துளையிட்டு, மெல்லிய ரம்பத்தை அதன் வழியே நுழைத்து வெட்டுங்கள். அக்ரிலிக்கை அவசரமாக அறுத்தால் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி அணிவது அவசியம்.

மண் நுழையும் பக்கத்தில் துளையின் விளிம்பை அரத்தால் சரித்து, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் மண் அதில் உரசி, ஓரம் பல் பல்லாகக் கிழியும். கூர்மையான மூலைகளையும் சற்றே உருட்டிவிடுங்கள்.

பிழிந்த மண் ஒரு பக்கமாக வளைகிறதா? துளையின் அகலமான பக்கத்தில் மண் வேகமாகவும், குறுகிய பக்கத்தில் மெதுவாகவும் வருகிறது என்று பொருள். மெதுவான பக்கத்தைச் சிறிது அகலப்படுத்தினால் நேராகும்.

குழாய் போன்ற உள்ளீடற்ற வடிவத்திற்கு, நடுத்துண்டை உள்பக்கத்திலிருந்து வளைந்த போல்ட் ஒன்று தாங்க வேண்டும். மண் அந்தத் தாங்கியைச் சுற்றிப் பிரிந்து, வெளியேறுவதற்கு முன் மீண்டும் ஒட்டுகிறது. ஆகவே தாங்கி தகட்டைவிட்டு நன்றாக உயர்ந்து நிற்க வேண்டும். நெருங்கி இருந்தால் தையல் போல் கோடு விழுந்து, சூளையில் அங்கேயே வெடிக்கும். ஒரு சூளை முழுவதும் வெடித்தால் பல நாள் உழைப்பு வீணாகும்.

அளவிலும் கவனம் தேவை. ஈரமண் பட்டையில் 100 மில்லிமீட்டர் தூரத்தைக் குறித்துச் சுட்டுப் பாருங்கள். அது 88 ஆகச் சுருங்கினால், வேண்டிய அளவை 0.88 ஆல் வகுத்துத் துளை வெட்டுங்கள். 44 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் துளை 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

மண்ணைக் காற்றுக்குமிழி இல்லாமல் நன்றாகப் பிசைந்து, முறுக்கு மாவைவிடச் சற்று இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உருண்டையான பொங்கல் பானையை இந்தக் கருவி செய்யாது. அது சக்கரத்திற்கும் கைக்கும் உரியது. அந்தக் கைகளுக்குக் கொஞ்சம் ஓய்வும், ஆண்டு முழுவதும் வேலையும் கிடைத்தால், தொழிலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் துணிவும் வரும்.