உஷார்! பழைய எம்டிபி சைக்கிளுக்கு அட்வான்ஸ் அனுப்பப்போகிறீர்களா?

"ஒரு வருஷம்தான் ஓட்டினேன், ஒரு கீறல் கிடையாது. ஊரைவிட்டுப் போறேன், அதான் பாதி விலைக்குத் தர்றேன்." இதைப் படித்ததும் கை ஜிபேக்குப் போனால், கொஞ்சம் பொறுங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, பார்சல் செலவை மட்டும் முதலில் அனுப்புங்கள் என்பவரிடம் பெரும்பாலும் சைக்கிளே இருக்காது. அனுப்பித் தொலைத்துவிட்டால், அழுதுகொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.

நேரில் போகிறீர்களா? பகலில் போங்கள், கையில் ஒரு பழந்துணியோடு. பளபளப்பை நம்பாதீர்கள், புது பெயின்ட் என்றால் சந்தேகம் இரண்டு மடங்காகட்டும். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தையும், பெடல் அச்சைச் சுற்றியும், சீட்டுக் கம்பி இறங்கும் இடத்தையும் துடைத்துப் பாருங்கள். முடி கனத்தில் ஒரு கோடு தெரிந்து, அதில் நகம் மாட்டுகிறதா? அது விரிசல். "ஒரு வெல்டிங் வெச்சா சரியாயிடும்" என்பார் விற்பவர். இரும்பு ஃபிரேமுக்கு அது ஓரளவு பொருந்தும். இந்த சைக்கிள்களில் அதிகம் வரும் 6061 அலுமினியம், பற்றவைத்த சூட்டிலேயே வலுவிழக்கும். மறுபடி முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். தெருமுனைப் பட்டறையில் அதற்கு வசதி ஏது? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அந்த ஒட்டு விட்டால் என்ன ஆகும்?

அடுத்தது முன் ஷாக். வழுவழுப்பான குழாயில் துருப்புள்ளியோ எண்ணெய்க் கசிவோ இருந்தால் விலையை நன்றாகக் குறையுங்கள், இல்லையேல் கிளம்புங்கள். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டக் டக்' கேட்டாலும் அப்படித்தான். மலிவு விலை டபுள் ஷாக் என் கணக்கில் வெறும் பாரம். புதிதாக ஓட்ட வருபவர் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

டிஸ்க் பிரேக் வண்டியில் முன் சக்கரத்தின் குயிக் ரிலீஸ் லீவரையும் விட்டுவிடாதீர்கள். முழுக்கத் திறந்த லீவர் டிஸ்க்கில் சிக்கி, ஓடும் சக்கரம் சட்டென்று நிற்கவோ கழன்றுவிடவோ கூடும் என்று 2015-ல் டிரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் சைக்கிள்களைச் சரிசெய்துதர அழைத்தது. லீவரைத் திறந்து, டிஸ்க்குக்கும் அதற்கும் நடுவே ஒரு பென்சில் நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் அதை மாற்றாமல் ஏறாதீர்கள்.

செயினுக்கு ஸ்கேல் போதும். 12 அங்குலத்தில் முடியவேண்டிய கண்ணிகள் அதைத் தாண்டி 1/8 அங்குலம் நீண்டிருந்தால், செயினோடு பின் பல்சக்கரங்களும் போயிருக்கும். இரண்டின் விலையையும் கழித்துப் பேசுங்கள்.

கடைசியாக, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் எண். பில்லில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா? எண்ணைச் சுரண்டியிருந்தால் பேரமே வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டுவரை சிறை.