தூக்க மாத்திரையை விடும் நிதானம்

பல மாதங்களாக உண்டுவந்த தூக்க மாத்திரையை ஒரே நாளில் வீசியெறிவதை நம் ஜனங்கள் மனவுறுதியின் லட்சணமாகக் கருதுகிறார்கள். ஆனால் அல்பிராசோலம், லோராசெபாம், குளோனசெபாம், டையசெபாம் என்ற வர்க்கத்து மருந்துகளின் விஷயத்தில் அந்தத் தைரியம் வலிப்பிலும் சித்தப் பிரமையிலும், அபூர்வமாக மரணத்திலுங்கூடக் கொண்டுபோய் விடக்கூடியது.

காரணம் நோயாளியின் பலவீனமல்ல, மூளையின் சுபாவம். நரம்புகளின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்னும் இரசாயனம் மூளையில் இயற்கையாகவே இருக்கிறது. 1960-இல் லிப்ரியம் என்றும் 1963-இல் வேலியம் என்றும் விற்பனைக்கு வந்த மாத்திரைகளும், அவற்றின் பின்வந்த இனத்தவையும், அந்தக் காபாவின் வேலையைப் பெருக்கித்தான் மனத்தைச் சாந்தப்படுத்துகின்றன. வாரக்கணக்கில் இடைவிடாமல் உண்டால் மூளை தன் சொந்த அடக்கத்தைத் தளர்த்திக்கொள்கிறது; அந்த நிலையில் மருந்து சட்டென்று நின்றால் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, அடுக்களையில் பாத்திரம் உருளும் ஓசைகூடத் தாளமுடியாததாகிறது, நித்திரை அறவே போகிறது. பழைய வியாதியே திரும்பிவிட்டதென்று அஞ்சி மறுபடியும் மாத்திரையைத் தேடுகிறவர்கள் அநேகர். முன்பில்லாமல் புதிதாகத் தோன்றும் இத்தகைய குறிகள் பெரும்பாலும் மருந்து விலகுவதன் விளைவே என்பதை வீட்டார் அறிந்திருந்தால், எத்தனையோ வீண் வசவுகள் குறையும்.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இம்மருந்துகளை விட முயல்கிறவர்களுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்திய ஹெதர் ஆஷ்டன் அம்மையார், அளவைச் சிறுகச் சிறுகக் குறைப்பதையும், அந்த வேகத்தை நோயாளியின் தாங்கும் சக்திக்கு விட்டுவிடுவதையும் வற்புறுத்தினார். அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் கூடி 2025-இல் வெளியிட்ட நெறிமுறையும், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, அப்போது உண்ணும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அல்பிராசோலம் உண்பவருக்கு 10 சதவீதம் என்பது 0.1 மில்லிகிராம், 0.25 மில்லிகிராம் மாத்திரையைப் பிளேடால் கீறிப் பாதியாக்கினாலும் 0.125தான் வரும், அதிலும் ஓரம் உதிர்ந்து இரண்டு பாதியும் சமமாக அமைவதில்லை. இதனால்தான் சிலருக்கு வைத்தியர், உடலில் நெடுநேரம் தங்கும் டையசெபாமுக்கு மாற்றிப் பிறகு குறைக்கிறார். அந்த மாற்றுக் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாகாது.

அல்பிராசோலமும் டையசெபாமும் 2014 மார்ச் முதல் இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருப்பதால், வைத்தியர் சீட்டில்லாமல் அவற்றை விற்பது குற்றம்; விற்ற விவரத்தை மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் காக்கவேண்டும். நியாயமான விதிதான். ஆயினும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையத்துக்கு மேலே, வெள்ளிமலையையும் தாண்டிக் கல்வராயன் மலையின் சிற்றூர்களில் வாழ்கிறவருக்குச் சீட்டும் மாத்திரையும் ஒன்றாகத் தீர்ந்துபோய், மலையிறங்க இரண்டு நாள் தாமதமானால், அதுவே அவர் விரும்பாத திடீர் நிறுத்தமாகிவிடுகிறது. கையில் ஒரு வாரத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அவர் புறப்படவேண்டும்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்துகொண்ட இம்மாவட்டத்தில் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். குடியை நிறுத்துகிறவருக்கு முதல் சில நாட்கள் கொடுக்கப்படும் குளோர்டையசெபாக்சைடும் இதே வர்க்கத்தைச் சேர்ந்தது; நாள்தோறும் குறைத்து நிறுத்தப்படவேண்டிய அம்மருந்து மாதக்கணக்கில் நீளுமானால் ஒரு தளை போய் மற்றொரு தளை வருகிறது. மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

குறைக்கும் காலத்தில் துன்பம் ஏறி இறங்கித்தான் வரும். மாலைக்குப் பின் தேநீரைத் தவிர்ப்பதும், இரவு உறங்காவிட்டாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுவதும், மூச்சை மெதுவாக வெளிவிட்டுப் பழகுவதும் மெய்யாகவே உதவுகின்றன. தாங்கவில்லையென்றால் வைத்தியரைக் கேட்டு அந்த அளவிலேயே சில வாரம் நிற்கலாம், அது தோல்வியன்று. சிறுவங்கூரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். நள்ளிரவில் கலக்கம் மிஞ்சினால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். வலிப்போ பிதற்றலோ கண்டால் மட்டும் விடியட்டுமென்று காத்திராமல் உடனே 108-ஐ அழைக்கவேண்டும்; வருகிறவர்களிடம் நிறுத்திய மாத்திரையின் அட்டையைக் காட்டவேண்டும்.