விசையும் எழுத்தும்



தெஹியோவிட்டையில் என் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுட் பலர் தோட்டத் தொழிலாளரின் மக்கள். அவர்களுடைய பெற்றோரின் பெயர்கள் செக்றோலில் ஒருவிதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருக்கக் கண்டுள்ளேன். ஓரெழுத்துப் பிழையைத் திருத்துவதற்காக ஒரு நாட்சம்பளத்தை இழந்து அலைந்தோர் உண்டு. ஆதலால், மாணவன் ஒருவன் ‘செ’ என்று தொடங்கும் தன் தாயின் பெயரைக் கணினியிற் பதிக்க, திரையில் அது உருச்சிதைந்து தோன்றியபோது, அதனை நான் சிறு விடயமாகக் கருதவில்லை.

பிழை யாருடையது? விசையொன்றை அழுத்தும்போது கணினிக்குச் செல்வது எழுத்தன்று. இன்ன விசை அழுத்தப்பட்டது என்று அறிவிக்கும் ஓர் எண்ணே. அவ்வெண்ணுக்குரிய எழுத்து யாது என்பதைக் கணினியினுள் இருக்கும் ஓர் அட்டவணையே தீர்மானிக்கின்றது. ஆங்கில அட்டவணையில் ‘ஏ’ எழுத்தைத் தரும் அதே விசை, 1999ஆம் ஆண்டில் உருவான தமிழ்99 அட்டவணையில் ‘அ’வைத் தருகின்றது.

அம்மாணவன் கண்ட விசைகளின்மேல் ஒட்டப்பட்டிருந்தவை தட்டச்சுப்பொறி முறை எழுத்துகள். அம்முறையில் முதலிற் கொம்பும் பின்னர் ‘ச’வும் அடிக்கப்படும். கணினியில் இருந்ததோ தமிழ்99. அதில் முதலில் ‘ச’, அடுத்து ‘எ’. இரண்டும் சேர்ந்து ‘செ’ ஆகும். விரல் ஒரு மரபையும் அட்டவணை மற்றொரு மரபையும் பின்பற்றின. அட்டவணையை மாற்றியதும் பெயர் நேராயிற்று.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1971இல் வெளிவந்த ஐ.பி.எம். 3270 வகை முனையங்களில் 24 வரை செயல்விசைகள் அமையலாயின. 1978இல் வந்த வீ.டி.100 முனையத்திலோ அத்தகையவை நான்கே. நான்கு விசை உடையவர், இருபத்துநான்கை எதிர்பார்க்கும் பெருங்கணினியோடு எவ்வாறு உரையாடுவது? இடையில் நிற்கும் வலையமைப்பு அணுகற் சேவையகம் துவிபாஷியாகின்றது. ‘எஸ்கேப் விசையை அழுத்தி, அடுத்து 5ஐ அழுத்தினால் ஐந்தாம் செயல்விசை எனக் கொள்க’ என்று நிருவாகி அதன் அட்டவணையில் எழுதிவைக்கலாம். அவ்விணைப்பு வந்தவுடன், சேவையகம் பெருங்கணினிக்குப் புரியும் குறியீட்டை அனுப்பிவிடும். இல்லாத விசை இவ்வாறு இருப்பதாகின்றது. ஆனால் முனையத்தின் வகையைத் தவறாகக் குறித்துவிட்டால், அழுத்துவது ஒன்றாகவும் போய்ச் சேர்வது வேறொன்றாகவும் முடியும்.

நம் நாட்டில், 2008ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரம், தட்டச்சு மரபைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றுள்ளது. தமிழ்நாட்டிலோ தமிழ்99 அரசின் ஏற்பைப் பெற்றது. எதனைப் பழகினும் குற்றமில்லை. விசைமேல் உள்ள எழுத்தும், உள்ளிருக்கும் அட்டவணையும், விரலின் பழக்கமும் ஒன்றாயிருத்தல் வேண்டும், அவ்வளவே.

ஆகவே, விண்ணப்பமொன்றைக் கணினியில் நிரப்பும் முன்னர் ‘செ’, ‘கோ’, ‘க்’ ஆகிய மூன்றையும் அடித்துப் பாருங்கள். முடித்த பின்னர்ப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து, உரியவரிடம் ஒப்புதல் பெறுங்கள். கையெழுத்திட அறியாத தாயும் தன் பெயரைக் காதாற் கேட்டுச் சரிபார்க்க வல்லவள். அட்டவணை மனிதர் வகுத்தது, அதனைத் திருத்தலாம். பதிவேட்டில் ஏறிவிட்ட பிழையைத் திருத்துவதே அரிது.