கச்சான் கொண்டுபோகும், வாடை கொண்டுவரும்

கரை தொட்ட கலங்கள் – 9

இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் கடல். கரையோடு வடக்கே போனால் மரக்காணம். தெற்கே புதுச்சேரியைத் தாண்டினால் அரிக்கமேடு. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான ‘பெரிப்ளுஸ்’ இந்தக் கரையில் பொதுகே, சோபட்மா என்ற துறைகளைச் சொல்கிறது. முன்னது அரிக்கமேடு, பின்னது மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மரங்களைப் பிணைத்துக் கட்டிய ‘சங்கரா’வையும், பொன்நாடு எனப்பட்ட கீழ்த்திசைக்குப் போன ‘கொலாந்தியா’ என்ற பெருங்கலங்களையும் அந்நூல் குறிப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். போய் இறங்கியவர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பது இந்த வாரக் கேள்வி.

விடை காற்றில் இருக்கிறது. நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று, கோடையில் கரையிலிருந்து கடல் பக்கம் தள்ளும். அதில் பாய் விரித்தால் வங்கக் கடலைக் கடக்கலாம். திரும்ப வேண்டுமானால் மார்கழி, தை வாடைக்காகக் காத்திருக்க வேண்டும். சரக்கு சீக்கிரம் விற்றுப்போகும். காற்று திரும்ப மாதக்கணக்காகும். அதுவரை சோறு வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், கலத்தைச் செப்பனிட மரம் வேண்டும், காய்ச்சலில் படுத்தால் கவனிக்க ஆள் வேண்டும். ஊராரைப் பகைத்துக்கொண்டு இதில் எதுவும் நடக்காது.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதை இதைத்தான் சொல்கிறது. கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கியவனைக் கொன்று தின்ன வருகிறார்கள். அவர்கள் மொழியிலேயே அவன் பேச, ஓங்கிய கை தாழ்கிறது. அவர்கள் தலைவனிடம் சாதுவன் ஒன்று கேட்கிறான்: கலம் உடைந்து கரை சேர்வோரின் உயிரைப் பறிக்காதீர்கள். காவியக் கற்பனைதான், ஆனால் அந்த வேண்டுகோளில் கடலோடிகளின் நிஜ அச்சம் இருக்கிறது.

மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகளும் உண்டு. பாலித் தீவின் வடகரையில் செம்பிரான் என்னும் ஊரில், உட்புறம் வட்டவட்டமாகப் புள்ளிக் கோலம் ஓடும் தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்ததும் இந்த வகைதான். கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, நறுக்கிச் செய்யும் அரிக்கமேட்டு வகைச் சிறுமணிகள் தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா எங்கும் கிடைக்கின்றன. அங்கேயும் அவற்றைச் செய்யும் பட்டறைகள் பிற்பாடு எழுந்தன. தொழில் கை மாறியிருக்கிறது. ஒரு நாள் சந்தையில் கற்றுக்கொள்ளும் வித்தையல்ல அது.

எல்லாவற்றிலும் அழுத்தமான சான்று ஒரு சிறு கல். தாய்லாந்தின் மேல்கரையில், கிராபி மாகாணத்துக் குளோங் தோமில் கிடைத்தது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுத் தமிழி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று அதில் பொறித்திருக்கிறது. பொன்னை உரசி மாற்றுப் பார்க்கும் உரைகல் அது. தட்டான் ஒருவன் கல்லோடு அங்கே இருந்தான் என்றால், அவனை நம்பிப் பொன்னை நீட்டிய உள்ளூர்க் கைகளும் இருந்திருக்க வேண்டும். காத்திருக்க வைத்தது காற்று. அந்தக் காத்திருப்பை உறவாக்கியது இரு தரப்பின் தேவையும் நாணயமும்.

போய்த் திரும்பியவர்கள் இவர்கள். போன இடத்தில் தமிழிலேயே கல்வெட்டு நாட்டிய வணிகர்களும் உண்டு. 1088இல் சுமத்ராவின் பாருஸ் துறையில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் நிறுத்திய கல்லை அடுத்த வாரம் படிப்போம்.