அறுப்பு மிஷினின் அடிவயிறு

காவேரிப்பட்டணத்திலிருந்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் நெல். போன போகத்தில் வாடகை மிஷின் விட்டு அறுத்து, அந்த நெல்லிலேயே இந்தப் போகத்துக்கு விதை எடுத்தாராம். கதிர் வந்தபோது பயிர் ஒரே மட்டமாக இல்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக வேறொரு ரகம் ஒரு சாண் உயரமாகத் தலைநீட்டி நின்றது. "நான் விதைக்காத நெல் என் வயலுக்கு எப்படி வந்தது?" என்று கேட்கிறார்.

ஐயா, பெரும்பாலும் அந்த மிஷின்தான் கொண்டுவந்திருக்கும்.

அறுப்பு மிஷின் என்ன செய்கிறது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். கதிரை அறுத்து, உருளையில் அடித்து, சல்லடையிலும் காற்றிலும் தூற்றி, நெல்லைத் தொட்டியில் சேர்க்கிறது. என்னை ஈர்ப்பது அதன் அடிவயிற்றில் கிடக்கும் திருகுதான். மெக்கானிக்குகள் அதை 'ஆகர்' என்பார்கள். நீளமான தண்டைச் சுற்றி இரும்புப் பட்டை முறுக்கிக்கொண்டு போகும். கீழே அரைவட்டத் தகடு. தண்டு சுழலச் சுழல நெல் பக்கவாட்டில் நகர்ந்து எலிவேட்டருக்குப் போய்ச் சேரும்.

அந்தப் பட்டை தகட்டைத் தொடக் கூடாது. தொட்டால் இரும்பு தேயும், நெல்லும் நசுங்கும். அதனால் நடுவே சிறிது இடைவெளி விட்டுத்தான் செய்கிறார்கள். அந்த இடைவெளியில் படிந்த நெல்லைத் திருகு தள்ளாது. தொட்டியைக் கொட்டிவிட்டு வண்டியைக் காலியாக ஓடவிட்டாலும் ஒரு பங்கு அங்கேயே கிடக்கும். சரியாக அடிபடாத கதிரை மறுபடி உருளைக்கு ஏற்றும் எலிவேட்டரின் அடியிலும் இதே கதைதான். காலியாகிவிட்டது என்று நினைத்த பெரிய மிஷின்களுக்குள்ளும் தானியமும் பதருமாக 50 கிலோவுக்கு மேல் தங்கும் என்று அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் சொல்கிறார்கள். நம் பெல்ட் வண்டிகள் சிறியவை. ஆனாலும் ஒரு வயலைக் கெடுக்க ஒரு படி நெல் போதும்.

ஓசூருக்கு வெளியே ஒரு ஷெட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். சீசன் முடிந்து நிறுத்திய வண்டி. மழைச் சாரல் பட்டிருக்கிறது. எலிவேட்டரின் அடிக்கதவு இடுக்கில் விரல் நீளத்துக்கு நாற்று பச்சைப்பசேலென்று முளைத்திருந்தது. கதவைத் திறந்தபோது புளித்த வாடையோடு கறுத்த நெல் கட்டியாக விழுந்தது. உள்ளே எலி கடித்த வயர் தொங்கியது.

நெல் மட்டும் வந்தால் கலவன் பிடுங்கிச் சமாளிக்கலாம். களை விதையும் சேர்ந்தே வருகிறது. கர்நாடக எல்லையில் 'காங்கிரஸ் கிட' என்று சொல்லும் பார்த்தீனியம் 1955இல் புனேயில் கவனத்துக்கு வந்தது. இன்று அது இல்லாத சாலையோரம் இல்லை. ஒரே செடி பதினைந்தாயிரத்துக்கும் மேல் விதை விடும். சக்கரத்துச் சேற்றிலும் சல்லடைத் தூசியிலும் ஒட்டிக்கொண்டு அது வயல் விட்டு வயல் போகிறது. அத்திப்பள்ளி தாண்டி வரும் வண்டிக்கு சோதனைச்சாவடியில் தாள்களைப் பார்ப்பார்கள். அடிவயிற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சுத்தம் செய்வதற்கு முறை உண்டு. முதலில் சில நிமிடம் வண்டியைக் காலியாக ஓடவிட வேண்டும். பிறகு இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அடிக்கதவுகளைத் திறக்க வேண்டும். மேலிருந்து கீழாக, முன்னாலிருந்து பின்னாலாகக் காற்றடிக்க வேண்டும். இன்ஜின், சைலன்சர் பக்கத்துப் பதரை விட்டுவைத்தால் தீப்பிடிக்கும். எடுத்த எடுப்பில் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. ஈரம் பட்ட தூசி, பானையடியில் ராகிக் களி பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளும். அதன் கீழே துரு ஏறும்.

சிப்காட்டில் இருபது வருடம் லேத் ஓட்டியவன் நான். ஷிஃப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே சில்லு வாரி, துடைத்து, எண்ணெய் தடவிவிடுவோம். அடுத்து வருகிறவர் கைக்கு மிஷின் சுத்தமாகப் போக வேண்டும் என்பதுதான் நாங்கள் கற்ற முதல் பாடம். என் அம்மாவும் அப்படித்தான். ராகி அடித்த களத்தில் அவரை காயப்போடுமுன் மூலைமுடுக்கெல்லாம் கூட்டி, சாணம் தெளித்து மெழுகுவார். ஆயுத பூஜைக்கு மாலை போட்டுப் பொட்டு வைக்கிறோம், நல்லதுதான். அடிக்கதவைத் திறந்து வாரிக் கொட்டுவதும் அந்தப் பூஜையில் சேர்ந்ததுதான்.

டிரைவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மணிக்கணக்கில் வாடகை, அடுத்த வயல்காரர் போன் மேல் போன் போடுகிறார். நின்று சுத்தம் செய்தால் அந்த நேரத்துக்குக் காசு தருவார் யார்? நாம்தான் தர வேண்டும். வண்டி வயலில் இறங்குமுன் அரை மணி நேரம் வரப்பிலேயே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் வாடகை கொடுங்கள். முதலில் கொட்டும் இரண்டு மூட்டையை விதைக்கு எடுக்காதீர்கள். விதைநெல் வேண்டுமென்றால் வயலின் நடுவே ஒரு பாத்தியைக் கையால் அறுத்துத் தனியே அடித்து வையுங்கள். அரை மணி வாடகை ஒரு நாளோடு போய்விடும். வயலில் விழுந்த களைவிதை வருடக்கணக்கில் முளைக்கும்.